தாழந்துறைப் பசுமை அரண்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, சுனாமிக்கு அடுத்த வருஷத்தில் தாழந்துறையில் 'கடலோரப் பசுமை அரண் தாவரத் தேர்வுக் குழு'வை அமைத்தது. அதில் 'பொதுமக்கள் பிரதிநிதி'யாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தமிழ் வாத்தியார். செடி கொடி பற்றி ஒன்றும் தெரியாது. கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். நிகழ்ச்சிக் குறிப்பு எழுத அது தாராளம் என்றார்கள்.

கடலுக்கும் ஊருக்கும் நடுவே செடிகளால் ஒரு வேலி வேண்டும், அதுவும் இந்த மண்ணுக்கே உரிய 'நாட்டு இன'மாக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. நல்ல முடிவுதான். எந்தச் செடி என்பதை மட்டும் எங்களிடம் விட்டிருந்தார்கள்.

தலைவர் ஞானதாசன், ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். கடலைப் பார்த்தால் அவருக்குத் தலைசுற்றும். ஆகவே கூட்டங்களைச் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் ஜன்னலை அடைத்துவிட்டு நடத்தினார். உறுப்பினர் ஜெயசிங், நர்சரியும் வைத்திருந்தார், கல் குவாரியும் வைத்திருந்தார். உயிருள்ளவை, உயிரற்றவை இரண்டிலும் அவர் சொல்லே முடிவு.

ஜெயசிங் முதலில் காத்தாடி நடலாம் என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மா, ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அதில் எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்று கேட்டார். சவுக்கு மரத்தைத்தான் இங்கே காத்தாடி என்போம் என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. அது ஆஸ்திரேலியாக்காரன் என்று தலைவர் தள்ளிவிட்டார். முந்திரியையும் தள்ளினார். அது போர்ச்சுகல் பறங்கியரோடு கப்பலில் வந்தது, அவர்களோடு வந்தது எதுவும் இந்தக் கரைக்கு வேண்டாம் என்றார். எல்லோரும் சுவரில் இருந்த சவேரியார் படத்தைப் பார்த்தார்கள். பங்குத்தந்தை மெல்ல இருமினார். அந்தத் தீர்மானம் 'மேல் ஆய்வுக்கு' ஒத்திவைக்கப்பட்டது.

அப்போதுதான் செசிலி உள்ளே வந்தாள். நெத்திலி காயப்போட்டு விற்கிறவள். கரையில் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தாழங்காடு உண்டு. சுனாமியன்று அவள் புருஷன் சூசையை அலை இழுத்துக்கொண்டு போனபோது, அந்த முட்புதர்தான் பிடித்து வைத்துக்கொண்டது. உடம்பெல்லாம் கீறல், உயிர் மிச்சம். ஊர்ப் பேரிலேயே செடி இருக்கும்போது இதில் இவ்வளவு யோசனை என்ன என்று அவள் கேட்டாள். ஊர்ப் பேர் சான்றாகாது, நாகர்கோவிலில் வீட்டுக்கு வீடு பாம்பா வளர்க்கிறோம் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். ஆனாலும் மக்கள் கருத்தை மதிக்கிறவர். பல நூல்களைப் புரட்டிப் பார்த்து, தாழை நாட்டு இனமே என்று அறிவித்தார். ஒருமனதாக நிறைவேறியது. ஜெயசிங்கின் நர்சரியில் தாழங்கன்றுகள் பிளாஸ்டிக் பைகளில் தயாராக இருந்தது இறைவன் செயல்.

கன்று நட இடம் வேண்டும். இடத்தில் தாழங்காடு இருந்தது. ஆகவே ஜேசிபி வந்தது.

செசிலி அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். அன்று தலைவர் கறுப்புக் கண்ணாடி அணிந்து, கடலுக்கு முதுகு காட்டியபடி நின்றிருந்தார்.

"இதும் தாழதானே சார்?"

"இது தானாக வளர்ந்ததம்மா. நாங்கள் நடப்போவது தேர்ந்தெடுக்கப்பட்டது."

சூசை சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். இந்த முள் இல்லையென்றால் தன்னை அன்றைக்கே ஒப்பாரி வைத்து அனுப்பியிருப்பார்கள் என்றான். தலைவர் தழும்புகளை உற்றுப் பார்த்தார். 'பொதுமக்களுக்குக் காயம் விளைவிக்கும் ஒழுங்கற்ற தாவரம்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். என் கையெழுத்து அன்று குறிப்பாக அழகாக அமைந்தது. சாயங்காலத்துக்குள் காடு லாரியில் ஏறிவிட்டது. செசிலி வாசலில் உட்கார்ந்து, வேரோடு போகிற புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் குழுவிடம் எதுவும் கேட்கவில்லை. இதை 'மக்கள் ஒத்துழைப்பு' என்கிறோம்.

புதுக் கன்றுகள் சாண் உயரம் இருந்தன. பெயர்ப்பலகை ஆள் உயரம் இருந்தது.

ஆனி மாதம் கடல் ஏறியது. வருஷா வருஷம் ஏறுவதுதான். இந்த முறை நடுவில் நிறுத்த ஒன்றும் இல்லாததால் நேரே செசிலியின் அடுக்களைக்குள் வந்து, சட்டி பானையோடு சுவரையும் எடுத்துக்கொண்டு போயிற்று. சூசை அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூட மேட்டில் ஏற்றினான். காயப்போட்டிருந்த நெத்திலி கடலுக்கே திரும்பியது. கன்றுகளும் போயின. பெயர்ப்பலகை மட்டும் சாய்ந்து நின்றது.

குழு அவசரமாகக் கூடியது. செடிகள் என்றாலே நம்ப முடியாது, அவற்றுக்கு வளரும் கெட்ட பழக்கம் உண்டு, அதற்குக் காலம் எடுக்கும் என்று தலைவர் வருந்தினார். தண்ணீர் கேட்காத, ஆடு தின்னாத, கடல் இழுக்காத இனம் ஒன்று வேண்டும். ஜெயசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியொன்று தன்னிடம் இருக்கிறது என்றார். நம் மலையிலேயே பிறந்தது. ஆதி காலத்திலிருந்து இங்கேயே கிடப்பது. எந்தக் கப்பலிலும் வராதது.

கருங்கல்.

தலைவர் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. மலையை வெடிவைத்துப் பிளந்து, லாரி லாரியாகக் கொண்டுவந்து, கரை நெடுகக் கொட்டினார்கள். தாழங்காடு நின்ற இடத்தில் இப்போது ஆனை உயரத்துக்குக் கல். அதற்குள் அகப்பட்ட மணலில்தான் முன்பு சூசையின் மீன்பிடி வள்ளம் கிடக்கும். அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மேட்டில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. கல் மறைத்ததால் கடல் தெரியவில்லை. தலைவர் முதன்முறையாகக் கண்ணாடி இல்லாமல், தலைசுற்றாமல், நெடுநேரம் பேசினார். "தாழந்துறை மக்களே, இனி இந்தக் கடல் உங்களைத் தொடாது" என்று முடித்தார்.

சூசை எழுந்தான்.

"செரிதான் சார். நாங்களும் இனி அதத் தொட முடியாது."

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சிக் குறிப்பில் அதற்கு உரிய இடத்தைத் தேடி, 'நன்றியுரை: திரு. சூசை' என்று எழுதிக்கொண்டேன்.