செல்லையா மாமா விற்ற செத்த கார்டு

மரியாதைக்குரிய செல்லையா மாமா அவர்களுக்கு,

நீங்கள் எனக்கு விற்ற கிராஃபிக்ஸ் கார்டு செத்த கார்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். அத்தை சௌக்கியமா? உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? செரண்டாவில் கம்ப்யூட்டர் கடை வியாபாரம் எப்படிப் போகிறது? நன்றாகத்தான் போகும். அக்கா மகனுக்கே செத்த கார்டை விற்கத் தெரிந்தவருக்கு வியாபாரத்தில் என்ன குறை வரப்போகிறது. இங்கே அம்மா நலம். நானும் நலம். கம்ப்யூட்டர் மட்டும்தான் நலமாக இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் கார்டைப் பற்றி நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் அனுப்பியது ஒரு ரோஜாப் பூப் படம், அதன்மேல் 'இனிய காலை வணக்கம்'. போன் செய்தால் "கஸ்டமர் இருக்காங்கடா" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கார்டைக் கழற்றி அது வந்த பெட்டியிலேயே வைத்து, இந்தக் கடிதத்தையும் சேர்த்து ரஹ்மத் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரஹ்மத்தை உங்களுக்குத் தெரியும். அவன் வாப்பா கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இவன் செரண்டா தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறவன். வேறு கார்டு கொடுக்காமல் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவன் கடைக்காரர் மகன். தேத்தண்ணீருக்கு மயங்கமாட்டான்.

எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் நீங்கள் "அவன் கேம் விளையாடத்தான் கார்டு கேக்குறான்" என்று சொன்னீர்களாம். மாமா, டிப்ளோமா முடித்துவிட்டு நான் கிடங்கில் அட்டைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பித்த பாதி இடங்களில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்ததோடு சரி. ஒரே ஒரு கம்பெனி, வீடமைப்புத் திட்டங்களுக்குக் கணினியில் படம் செய்து கொடுக்கும் கம்பெனி, ஒரு சோதனை வேலை கொடுத்திருக்கிறது. கட்டாத வீடுகளைக் கட்டியதுபோல் காட்டும் சின்ன வீடியோ. அதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை எனக்கு. முடிக்காவிட்டால் மறுபடியும் அட்டைப் பெட்டி.

அவர்கள் அனுப்பிய வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அது நாங்கள் குடியிருக்கும் நம் தோட்டம். செம்பனை மரமெல்லாம் போய் அடுக்குமாடி வருகிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருக்கும் இடத்தில் நீச்சல் குளம். தோட்டத்து ஆட்களுக்குத் தரை வீடு தருவதாகக் கூட்டம் போட்டு, மாலை வாங்கி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார்களே, அந்த வீடுகளைத் தேடிப் பார்த்தேன். இல்லை. நாய்களை நடத்திக்கொண்டு போக ஒரு பூங்கா இருக்கிறது. கோபம் வந்தது. கோபத்தோடேயே குளத்தை வரைந்தேன். வரையாவிட்டால் வேறொருவன் வரைவான், குளம் எப்படியும் வரும். தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது, வெயில் பட்டு மின்னுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "நம்ம அடுப்படி எங்கடா?" என்று கேட்டார். ஆழமான பக்கத்தைக் காட்டினேன்.

வரைந்தால் மட்டும் போதாது, அதை வீடியோவாக்கக் கம்ப்யூட்டர் பகல் முழுவதும் நிற்காமல் ஓட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இரவில் ஓட்ட முடியாது, விசிறிச் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அதனால் காலையில் ஓடவிட்டுக் கிடங்குக்குப் போகிறேன். மாலையில் வந்து பார்த்தால் திரை கறுப்பு, விசிறி உலு யாம் மேட்டில் ஏறும் லோரி மாதிரி அலறிக்கொண்டிருக்கிறது, சூடு தொண்ணூறைத் தாண்டியிருக்கிறது. தினமும் இதே கதை. உங்களிடம் கேட்டேன். அபூர்வமாக அன்று பதில் சொன்னீர்கள். "தூசிலா. ஊதி விடு." சரியென்று ரஹ்மத்திடம் சொல்ல, அவன் மோட்டார் பட்டறையிலிருந்து காற்றடிக்கும் குழாயை இரவல் வாங்கி வந்து, டயருக்கு அடிக்கும் வேகத்தில் அடிக்க, பெட்டிக்குள்ளிருந்த தூசி மொத்தமும் பறந்து சாமி மாடத்தில் இறங்கியது. விளக்கு அணைந்தது. முருகன் சாம்பல் நிறமானார். அம்மா என்னை விட்டுவிட்டு ரஹ்மத்தைத் திட்டினார், அவன் அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் மாலை திரை கறுப்பு. அடுத்ததாகச் சூடு கடத்தும் பசையை மாற்றினேன். கறுப்பு. பக்கத்துப் பலகையைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வைத்தேன். கறுப்பு. மேசை விசிறியும் போய்விட்டது, அது வேறு கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் உங்கள் கார்டு ஒழுங்காக ஓடுகிறது. ரஹ்மத் வாப்பாவின் கடைப் பின்னறைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம், அங்கேயும் நாள் முழுக்கச் சாதுவாக ஓடியது. "கார்டு நல்லாத்தானடா இருக்கு மச்சி, ஒங்க வீட்டுக்கு வந்தாத்தான் அதுக்கு என்னமோ ஆவுது" என்றான் ரஹ்மத். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை வாங்கும் மண்டோர் நின்றால் வேலை செய்யும், மண்டோர் அந்தப் பக்கம் போனதும் படுத்துவிடும், அவ்வளவுதான். நீங்கள் எனக்குக் கார்டு விற்கவில்லை மாமா, ஒரு பழைய தோட்டத் தொழிலாளியை விற்றிருக்கிறீர்கள். அப்படிப் படுப்பதிலும் நியாயம் இருக்கிறது. இது யாரோ பிட்காயின் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓட்டி, சக்கையாகப் பிழிந்து, கடைசியில் துடைத்துப் பெட்டியில் போட்டுப் புதுசு என்று தள்ளிய கார்டு. அப்பாவைத் தோட்டத்தில் வைத்திருந்த மாதிரியேதான். அப்பாவைத் துடைத்துப் பெட்டியில் போட ஆள் வரவில்லை, அந்த ஒரு வித்தியாசம்.

கழற்றிப் பார்த்தபோது இன்னும் மோசமான விஷயம் தெரிந்தது. கார்டின் மேல் வெள்ளைத் திட்டுகள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அப்படியென்றால் இது வெள்ளத்தில் மூழ்கிய சரக்கு, அதுவும் கடல் தண்ணீர் ஏறிய வெள்ளம். விசிறிக்குள் தட்டையான மஞ்சள் விதை ஒன்று மாட்டியிருந்தது. சுங்கை புரோங் பக்கம் ஏதோ நெல் கொட்டகையில் எலிகளோடு இதைப் போட்டு வைத்திருந்திருக்கிறீர்கள். விதையை ஆதாரமாக இந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்தாலே மூக்கு எரிகிறது, தும்மல் வருகிறது. என்ன ரசாயனம் உருகுகிறதோ தெரியவில்லை. பாவம், அம்மா பகல் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார். அப்படியும் முகம் சுளிப்பதில்லை. "நீ தைரியமா வேலைக்குப் போய்ட்டு வா, பெட்டிய நான் பாத்துக்கிறேன்" என்கிறார். கரண்டு பில் ஏறுகிறது என்று தினமும் பாடிக்கொண்டிருந்தவர், தீபாவளிக்கு நீங்கள் வந்து கார்டை மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதற்கு முன் அவருக்கு இருந்த இன்னொரு கவலை, மழை விடவில்லை, வெயிலே இல்லை என்பது. அதையும் இப்போது சொல்வதில்லை. மகன் கஷ்டப்படும்போது தன் கவலையைச் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறார் போலிருக்கிறது. அந்தத் தாயின் தம்பி நீங்கள். கொஞ்சமாவது வெட்கப்படுங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளத்தில் மூழ்காத, பிட்காயின் தோண்டாத, எலி வாசம் அறியாத ஒரு கார்டை ரஹ்மத்திடம் உடனே கொடுத்தனுப்புங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முட்டிக்கு அம்மா தைலம் தேய்க்கச் சொன்னார். கடை மேலும் மேலும் வளரட்டும், நல்ல கார்டுகளை விற்று வளரட்டும்.

மதிப்பு குறையாத, நம்பிக்கை மட்டும் குறைந்த
உங்கள் அக்காள் மகன்,
முகுந்தன்

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இதையும் உள்ள வை. மாமாவுக்குப் புடிக்கும்." பிரித்துப் பார்த்தேன். மோர் மிளகாய். நன்றாகக் காய்ந்து, கலகலவென்று. ஒன்று உடைந்திருந்தது. உள்ளே தட்டையான மஞ்சள் விதைகள்.

"இந்த மழையில எங்கம்மா காய வச்சீங்க?"

"ஒன் பெட்டி மேலதான்."

"எந்தப் பெட்டி?"

"கம்பியூட்டர் பெட்டிடா. நீ போனதும் மொறத்த அது மேல வச்சிடுவேன், நீ வர்றதுக்குள்ள எடுத்துருவேன். மேல ஓட்ட ஓட்டயா இருக்குல்ல? ஒங்க மாமாதான் தீபாவளி அன்னிக்குக் காட்டுனான். கை வச்சுப் பாருக்கா, சூடெல்லாம் இங்கதான் வெளிய வரும், அடுப்பு மாதிரின்னான். நல்ல சூடுலா. வெயிலுகூட இப்படிக் காய வைக்காது."

சூடு வெளியே போகும் வழியில் முறத்தை வைத்தால் கார்டு வெந்துபோகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நம்ம அடுப்படிய மூடிக் கொளம் வெட்டுற பெட்டிதானேடா அது. போற சூட்டுல ரெண்டு மொளகாயாவது காஞ்சிட்டுப் போவட்டும். இன்னும் ரெண்டு மொறம் இருக்கு. மொறத்த எறக்கணும்னா என் தம்பி சொல்லட்டும், எறக்குறேன்."

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கார்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். பெட்டியில் இருப்பது மிளகாய் மட்டும். விதையை ஆதாரமாக ஒட்டியதைப் பற்றி அத்தையிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது மாமா. நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். நீங்கள் காட்டிக் கொடுத்த அடுப்பு, நீங்களே உங்கள் அக்காவுக்குப் போன் செய்து அந்த முறத்தை இறக்கச் சொல்லுங்கள். ரஹ்மத் வெளியே மோட்டாரை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான், அதனால் இதையே வாட்ஸ்அப்பிலும் கேட்டுவிட்டேன்: இன்றைக்கே சொல்வீர்களா, மாட்டீர்களா?

உங்கள் பதில் வரட்டும் என்று ரஹ்மத்தை நிறுத்தி வைத்தேன், சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போதுதான் உங்கள் செய்தி வந்தது. மஞ்சள் ரோஜா. இனிய காலை வணக்கம்.