பொம்மை பிழைக்க வேண்டும்

“செத்துட்டான்,” என்றார் பயிற்சியாளர், பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

மேஜைமேல் கிடந்தது பொம்மைதான். ஆனால் மூச்சு விடும், முனகும், சிவப்புச் சாயம் கொட்டும், சமயம் பார்த்துச் சாகும். நெருக்கடியில் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்கிறார்களா என்று பார்க்க அதை வாங்கிப் போட்டிருந்தார்கள்.

பெரிய சிஸ்டருக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது. நைட் டியூட்டி முடிந்த கையோடு இழுத்து வந்திருந்தார்கள். மகள் இன்று ராத்திரி பஸ்ஸில் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாள். பெட்டி கட்டிக்கொடுத்து, கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு, பஸ் ஏற்றிவிட வேண்டும். தேறாத டீமை வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று லிஃப்டில் யாரோ பேசிக்கொண்டது வேறு காதில் விழுந்திருந்தது.

“ரத்தம் கேட்டு யாரு ஃபோன் பண்ணீங்க?”

சர்ஜன் மயக்க டாக்டரைப் பார்த்தார். மயக்க டாக்டர் சின்ன சிஸ்டரைப் பார்த்தார். சின்ன சிஸ்டர் பார்க்க ஆளில்லாமல் பொம்மையைப் பார்த்தாள்.

“சரி, இந்த டீம் ஃபெயில். நீங்கல்லாம்...”

“சார், பொசுக்குனு அப்படிச் சொல்லிடாதீங்க!” பெரிய சிஸ்டர் குறுக்கே விழுந்தாள். “இன்னொரு தடவை.”

“இல்லம்மா, ஃபெயிலானவங்க இனிமே...”

“இனிமே நடக்காது சார். நீங்க உயிரை மட்டும் குடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

செத்த மாட்டுக்கு விலை பேசுகிற பிடிவாதம். பயிற்சியாளர் பொத்தானைத் தட்டினார். பொம்மை வேண்டாவெறுப்பாகக் கண் திறந்தது.

சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின் விதி. இந்த முறை அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

“ரத்தம் ரெண்டு பாட்டில்!” என்றார் சர்ஜன்.

“ரத்தம் ரெண்டு பாட்டில்!” என்றார் மயக்க டாக்டர்.

“ரத்தம் ரெண்டு பாட்டில்!” என்றாள் சின்ன சிஸ்டர்.

வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் ஒப்பித்தார்கள். போய் எடுத்து வரத்தான் ஆளில்லை. “ஐயோ,” என்றது பொம்மை. அதோடு சரி.

மூன்றாம் முறை பெரிய சிஸ்டரே வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். “டாக்டர், நீங்க மருந்து. நீ ஓடிப் போய் ரத்தம். பஞ்சு எண்றது நானு.”

ரத்தம் வந்தது. மருந்து ஏறியது. ரத்தம் ஒற்றிய பஞ்சுதான் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. ஆனால் சர்ஜன் தையல் போடும்போது வாய் திறந்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அங்கே கிடையாது. பெரிய சிஸ்டர் லேசாக இருமிப் பார்த்தாள்.

“தொண்டைக்கு ஏதாவது சாப்பிடுங்க சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு அவர் தைத்து முடித்தார்.

“பஞ்சை உள்ள வெச்சுத் தெச்சுட்டீங்க,” என்றார் பயிற்சியாளர். “எப்படியும் ரெண்டு நாள்ல போயிடுவான். இப்பவே போனதா வெச்சுக்குங்க. அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் முழுசா...”

“கேட்டுட்டுத்தான் சார் இருக்கேன். கடைசியா ஒரு தடவை!”

ஃபோன் அதிர்ந்தது. கணவர்.

“அவ பெட்டியத் தொடாம உக்காந்திருக்கா. அம்மா வந்தாத்தான் கட்டுவாளாம். எப்ப வரே?”

“பொம்மை பொழைச்சதும் வரேங்க.”

“எது பொழைச்சதும்?”

அவள் வைத்துவிட்டாள்.

நான்காம் முறையும் பஞ்சு குறைந்தது. மகளின் காலிப் பெட்டி கண்ணில் வந்து நின்றது. அதற்கு மேல் சர்ஜனாவது, பயமாவது.

“டாக்டர், கையை எடுங்க! பஞ்சு உள்ள இருக்கு!”

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது, பொம்மையைத் தவிர. சர்ஜன் நிமிர்ந்தார். முறைத்தார். பிறகு உள்ளே துழாவிப் பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டார்.

“தேங்க்ஸ் சிஸ்டர்.”

பொம்மை எழுந்து நடந்திருந்தால்கூடச் சின்ன சிஸ்டர் அப்படி வாய் பிளந்திருக்கமாட்டாள்.

“பாஸ்!” என்றார் பயிற்சியாளர். அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்கும்போல, அடுத்த நொடி ஆளைக் காணோம்.

பெரிய சிஸ்டர் கைப்பையை மாட்டிக்கொண்டு, வலிக்கிற காலோடு வாசலுக்கு வந்தாள். சிந்திய சாயத்தைத் துடைக்க வாளியோடு அட்டெண்டர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“பாஸாயிட்டோம் அண்ணே! நான் வீட்டுக்குக் கிளம்பறேன்.”

அட்டெண்டர் வாளியைக் கீழே வைத்தார்.

“வீட்டுக்கா? மறுபயிற்சி முடியாம தியேட்டர்ல கால் வைக்கக்கூடாதுன்னு, ஃபெயிலான டீமையெல்லாம் காலையிலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சிஸ்டர். இன்னிக்கு நைட் டியூட்டி பாக்க பாஸான டீமுன்னு இருக்கறதே நீங்க மட்டுந்தான்!”