லாக்கருக்குள் லைட்டு

"லைட்டுதான் எரியுதுல்ல, அப்புறம் எதுக்கு இப்படி முழிக்கிறீக?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

கர்ணன் துப்பாக்கி லாக்கருக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவே இல்லை.

லாக்கர் இருந்தது ஜன்னல் இல்லாத, மங்கல் பல்பு எரியும் உள் அறையில். துப்பாக்கி அந்த அறையைத் தாண்டி ஹாலுக்கு வரக்கூடாது என்பது ஜோதிலட்சுமியின் சட்டம். அரசாங்கத்துச் சட்டத்திலாவது அப்பீல் உண்டு. போன தடவை லைசென்ஸ் புதுப்பிக்க வந்த எஸ்.ஐ., செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில்தான் துப்பாக்கி நம்பரை எழுதினார். இன்று நாலு மணிக்குப் புது எஸ்.ஐ. வருகிறார். அந்த மானக்கேடு வேண்டாம் என்றுதான் கர்ணன் ஆன்லைனில் லைட் வாங்கினார். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் பட்டை லைட், கதவைத் திறந்தால் தானாக எரியும்.

எரியவும் செய்தது. அந்தச் சந்தோஷத்தில் துப்பாக்கியின் உறையைக் கழற்றி நம்பரை வாசித்தார். பிறகு லைசென்ஸ் புத்தகத்தை வாசித்தார். மறுபடியும் துப்பாக்கியை வாசித்தார்.

"ஆத்தாடி! இது நம்ம துப்பாக்கி இல்ல ஜோதி."

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். போன தேர்தலுக்கு அப்படி வாங்கப் போன அன்று வரிசையில் மூன்று பேர், மேஜைமேல் மூன்று காக்கி உறைகள். ஊருக்குப் போகும் பண்ணைப்புரம் பஸ் கிளம்பும் அவசரத்தில் கர்ணன் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

"அடுத்தவுக துப்பாக்கிய வச்சிருந்தா என்ன செய்வாக?"

"லைசென்ஸப் பிடுங்கிட்டுக் கேஸ் போடுவாக."

ஊரில் அவருக்குத் துப்பாக்கிக் கர்ணன் என்று பெயர். லைசென்ஸ் போனால் வெறும் கர்ணன். அவருக்கு அந்தக் கவலை. ஜோதிலட்சுமிக்கோ கேஸ் என்ற சொல்லிலேயே கண் கலங்கிவிட்டது.

"உங்களக் கூட்டிட்டுப் போயிட்டா நான் என்னங்க செய்வேன்? அன்னைக்கு வரிசையில நின்னது தங்கப்பாண்டியன் அண்ணன்தான? போனப் போடுங்க."

"அவன்கூட மூணு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லையே."

"வாய்க்காத் தண்ணிச் சண்டையெல்லாம் நாளைக்குப் போட்டுக்கலாம்."

பக்கத்துத் தோட்டத்துத் தங்கப்பாண்டியன் கால் மணி நேரத்தில் வந்தார். துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டி வண்டியில் வைத்திருந்தார். வழியில் நாலு பேர் விசாரித்ததற்கு, "கர்ணன் வீட்டுல படுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாராம். மூன்று வருஷப் பகைக்குப் பிறகு பாயோடு போகிறாரே என்று ஊர் இனி ஒரு வாரத்துக்குப் பேசும்.

"மாப்ள, எனக்கும் நம்பர் ஒத்து வரல" என்றார் மெதுவாக.

அவர் கொண்டுவந்ததை லாக்கர் முன்னால் பிரித்தார்கள். அது கர்ணனுடையது. ஆனால் கர்ணனிடம் இருந்தது தங்கப்பாண்டியனுடையது இல்லை.

"அப்ப என் துப்பாக்கி?" என்றார் தங்கப்பாண்டியன்.

"ராயப்பன்பட்டி பொன்னுராஜ் அண்ணேகிட்ட இருக்கும். அவருதான் மூணாவது ஆளு."

போன் பறந்தது. அதற்குள் லைட் அணைந்துவிட்டது. இருபது விநாடிக்குமேல் அசைவு இல்லாவிட்டால் அணைந்துவிடும் லைட் அது. இரண்டு பேரும் லாக்கருக்கு முன்னால் கையை ஆட்டினார்கள். எரிந்தது, அணைந்தது. கர்ணனுக்குக் கோபம் வந்து, லைட்டோடு வந்த குட்டி ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினார். லைட் சிவப்பாகிவிட்டது. இன்னொன்றை அழுத்தினார். சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்ட ஆரம்பித்தன. அதன்பிறகு எதை அழுத்தியும் நிற்கவில்லை.

மூன்றரை மணிக்குத் திராட்சைத் தோட்டத்துப் பொன்னுராஜ், சர்ச் திருவிழா ஃபிளக்ஸ் பேனரில் சுருட்டிய துப்பாக்கியோடு வாசலுக்கு வந்தார். உள்ளே சிவப்பும் நீலமும் மின்னுவதைப் பார்த்ததும் வந்த வேகத்திலேயே திரும்பினார்.

"அண்ணே, ஓடாதீக! போலீஸ் இல்ல, லைட்டு!" என்று கத்திக்கொண்டே கர்ணன் துரத்திப்போய்ப் பிடித்து வந்தார்.

"எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு தம்பி. வீட்டுக்குள்ள எதுக்குய்யா ஜீப்பு லைட்டு?"

சிமிட்டுகிற வெளிச்சத்தில் மூன்று துப்பாக்கி, மூன்று புத்தகம், மூன்று மூக்குக்கண்ணாடி. நம்பரை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்து, அவரவர் பொருள் அவரவர் கைக்கு வந்தது. கர்ணன் தன்னுடையதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத் தங்கப்பாண்டியனின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். வாய்க்கால் தண்ணீர் முழுவதையும் இனி அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஜோதிலட்சுமி காபி கொண்டுவந்தாள். உயிர் திரும்பியதும் அவளுக்குச் சந்தேகமும் வந்தது.

"ஏங்க, மூணு பேரும் பொழுதடைஞ்சா தோட்டத்துல வானத்தப் பார்த்துச் சுட்டுக் காட்டுப் பன்னிய விரட்டுறீக. வீடு வரைக்கும் சத்தம் கேக்குது. ரெண்டு வருஷமாக் கையில இருக்குறது யாரு துப்பாக்கின்னு ஒருத்தருக்குமா தெரியல?"

மூவரும் காபியை ஊதினார்கள்.

"மங்கல்ல எங்கிட்டு நம்பரப் பாக்க?" என்றார் கர்ணன்.

"எனக்கு என்னமோ கனமா இருக்குன்னு அப்பவே பட்டுச்சு" என்றார் தங்கப்பாண்டியன்.

"எனக்குக் குறி தப்பவே இல்லம்மா. அதான் சந்தேகம் வரல" என்றார் பொன்னுராஜ்.

"வானத்துக்கு என்னண்ணே குறி?"

அதற்குள் வாசல் கதவு தட்டப்பட்டது. நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பாயும் பேனருமாகத் துப்பாக்கிகளை அணைத்துக்கொண்டு இரண்டு பேர் அந்த அறையிலேயே கட்டிலுக்கு அடியில் இடம் பார்த்தார்கள். கர்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்.

எஸ்.ஐ. இல்லை. கடைத்தெருவில் வெடிக்கடை வைத்திருக்கும் ராக்கம்மாள், இரண்டு கையிலும் கனத்த பைகளோடு நின்றாள். ஜோதிலட்சுமியைப் பார்த்துச் சிரித்தவள், கட்டிலுக்கு அடியில் தெரிந்த தலைகளையும் பார்த்துவிட்டாள்.

"அட, மூணு பேரும் இங்கனதான் இருக்கீகளா? நல்லதாப் போச்சு, வழக்கமா வாங்குற பன்னி வெரட்டுற அணுகுண்டு வெடி, ஆளுக்கு அஞ்சு டப்பா, இங்கனயே வாங்கிக்கங்க!"