மாடிவீட்டு ராணியைத் துரத்தினேன்

பலகையில் முப்பத்திரண்டு காய். பாத்ரியின் வாயில் முப்பத்திரண்டு பல். இரண்டையும் அவர் கடை விரிப்பது என் மனைவி லமாராவின் முன்னால்தான்.

பாத்ரி எங்கள் மாடிவீட்டுக்காரர். பல் டாக்டர், மனைவியை இழந்தவர். ஞாயிறு சாயங்காலமானால் சதுரங்கப் பலகையோடு இறங்கி வந்துவிடுவார். எங்கள் குத்தாயிசி நகரத்தில் சதுரங்கம் தெரியாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லமாராவோ கல்யாணத்துக்கு முன் ஜார்ஜியா முழுக்கச் சுற்றிக் கோப்பை வாங்கியவள். அவளிடம் பாத்ரி தோற்பார். தோற்றுவிட்டுச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். நான் அடுப்படியிலிருந்து சூடான பாலாடைக்கட்டி ரொட்டியைக் கொண்டுவந்து வைப்பேன்.

போகும்போது எனக்கும் ஒரு ஆட்டம் பிச்சை போடுவார். எடுத்த எடுப்பிலேயே ராணியை வெளியே இழுத்துவந்து, நாலே நகர்த்தலில் என் ராஜாவின் கழுத்தில் கத்தி வைப்பார். லமாரா அதற்கும் சிரிப்பாள். அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

இந்த மனிதரை ஒரே ஒரு தடவை ஜெயித்து, வீட்டுப் பக்கமே வராமல் அடிக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். பாடம் கேட்க லமாராவை விட்டால் ஆளில்லை. வஞ்சகமாக, பொழுதுபோகவில்லை என்று சொல்லி ஆரம்பித்தேன்.

அவள் கொஞ்சம்கூடச் சந்தேகப்படாமல் சொல்லிக் கொடுத்தாள். "அன்சோர், ராணியப் பார்த்ததும் ஏன் நடுங்குறீங்க? முதல்ல குதிரைய வெளிய விட்டு நடுச் சிப்பாயக் காப்பாத்துங்க. அப்புறம் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால நிக்கிற சிப்பாய ஒரு கட்டம் தள்ளி அவளை விரட்டுங்க. திரும்ப வந்தா இன்னொரு குதிரைய குறுக்க நிறுத்துங்க. அவ ஓட ஓட உங்க ஆளுங்க எல்லாரும் வெளிய வந்துருவாங்க. சீக்கிரமா வெளிய கிளம்புற ராணிக்கு நிம்மதி கிடையாது."

வாரம் முழுக்கப் பயிற்சி. சனிக்கிழமை அவளே ஒரு யோசனையும் சொன்னாள்.

"சும்மா ஆடாதீங்க. பந்தயம் வைங்க. தோத்தா அவர் நம்ம வீட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளுக்கும் அந்த ஆள் தொல்லைதான் போலிருக்கிறது. இத்தனை நாள் வீணாகப் பொசுங்கியிருக்கிறேன்.

ஞாயிறு பாத்ரி வந்தார், பந்தயத்துக்குச் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். வழக்கம்போல ராணி பாய்ந்து வந்தது. குதிரையை விட்டேன். சிப்பாயைத் தள்ளினேன். ராணி பின்வாங்கி மறுபடி முறைத்தது. அடுத்த குதிரையைக் குறுக்கே நிறுத்தினேன். அப்புறம் அது போன இடமெல்லாம் என் குதிரை துரத்தியது. கடைசியில் மூலையில் மாட்டிய ராணியை நானே கையால் எடுத்து மேசையில் வைத்தேன். பாத்ரியின் பல் அன்றுதான் உள்ளே போனது. தோல்வி என்று ராஜாவைச் சாய்த்துவிட்டு, பலகையை மடித்துக்கொண்டு படியேறினார். லமாரா என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அந்த வாரம் நான் நடந்த நடையைத் தெருவே பார்த்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் லமாரா கண்ணாடி முன் நின்று காதில் தோடு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மாடிக்கு. தோத்ததுலேருந்து மனுஷன் தூங்கலையாம். சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுறார்."

"பந்தயம் என்ன ஆச்சு?"

"அவர்தானே நம்ம படி மிதிக்கக் கூடாது. அவர் படிய நான் மிதிக்கலாமே."

"அப்ப ராத்திரிச் சாப்பாடு?"

"எனக்கு அவர் சமைக்கிறார். நீங்க ஒரு ஆளுக்கு மட்டும் மாவு பிசைஞ்சாப் போதும்."