பத்துக்கு ஐம்பதும் அப்பாவின் மண்வெட்டியும்

நான் வாங்கிய பைனாகுலரில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அது வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வந்த வருடம். முறை வைத்துப் பாய்ச்சினோம். இன்னாருக்கு இன்ன நாள். முறையில்லாத நாளில் மடையைத் திறந்தால் அடுத்த முறை பறிபோகும். இதற்கு ஒரு கமிட்டி, அதற்குத் தலைவர் ராஜாங்கம் ஐயா. அவர் வயல் தலைமடையில், வாய்க்கால் தொடங்கும் இடத்தில். எங்களுடையது கடைமடையில், வாய்க்கால் முடியும் இடத்தில், ஒரே ஒரு ஏக்கர். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா வாங்கிய முதல் நிலம் அது. நட்டு இருபது நாளான பயிர் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது.

யாரோ திருட்டுத்தனமாக மடை திறக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒரே கூச்சல். நான் எழுந்து, "எங்க மாடியிலேர்ந்து பார்த்தா முழு வாய்க்காலும் தெரியும். ஆள நான் புடிச்சுத் தர்றேன்" என்றேன். (கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. லென்ஸ் என்றால் அது என் சொத்து என்ற நினைப்பு.) அப்பா மட்டும், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று முனகினார்.

மறுநாளே மன்னார்குடியில் பாய் கடைக்குப் போனேன். வளைகுடாவில் பல வருடம் கேமரா விற்றுவிட்டு ஊர் திரும்பியவர் பாய். அப்பாவும் வலிய வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

"இருக்கறதுலயே பெரிய நம்பர் எது பாய்?" என்று கேட்டேன். (இயற்பியல் ஆய்வகம்.)

"இருபதுக்கு ஐம்பது இருக்குங்கம்மா. ஆனா உங்க கை நடுக்கத்தையும் சேத்து இருபது மடங்கு காட்டும். பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. பின்னாடி நம்பர் லென்ஸோட அகலம். அத முன்னாடி நம்பரால வகுத்துப் பாருங்க. அஞ்சு வந்தா மங்கல் வெளிச்சத்துலயும் பளிச்சுன்னு இருக்கும். உங்க பட்ஜெட்டுக்குப் பத்துக்கு ஐம்பது எடுத்துக்கங்க."

அப்பா முன்னால் வந்தார். "அப்ப இருட்டுல தெரியாதது அந்த இருபதா? அதையே குடுங்க பாய்."

"அப்பா, சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டுப் பத்துக்கு ஐம்பதை வாங்கினேன். (அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.)

இரண்டு நாள் சாயங்காலம் கொக்கு தவிர எதுவும் சிக்கவில்லை. மூன்றாம் நாள், சூரியன் இறங்கிய பிறகு, கடைமடைப் பக்கம் ஓர் ஆள் தெரிந்தான். தலையில் துண்டு, முதுகு எங்கள் பக்கம், கையில் மண்வெட்டி. மடையை வெட்டிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். எனக்குத்தான் சாட்சி வேண்டுமே. தலைவருக்குப் போன் போட்டேன். பக்கத்து டீக்கடையில் இருந்த அவரும் கமிட்டிக்காரர்கள் மூவரும் ஐந்து நிமிடத்தில் மாடி ஏறிவிட்டார்கள்.

"நீங்களே பாருங்கய்யா" என்று பைனாகுலரைத் தலைவர் கையில் கொடுத்தேன். இந்தப் பெருமையை அப்பாவும் பார்க்கட்டும் என்று அவருக்கும் போன் போட்டேன். எதிர்முனையில் மணி அடித்தது.

தலைவர் பார்த்தபடியே சொன்னார்: "மண்வெட்டியக் கீழ வைக்கிறான்... மடியில என்னவோ தேடுறான்... போன எடுத்துக் காதுல வைக்கிறான்."

என் காதில் அப்பா, "சொல்லும்மா" என்றார்.

"எங்க இருக்கீங்கப்பா?"

"டீக்கடையிலம்மா."

(நால்வரும் எழுந்து வந்தது அந்த டீக்கடையிலிருந்துதான்.)

பேசியபடியே அப்பா எங்கள் பக்கம் திரும்பியதில் போன் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருக்க வேண்டும். "நம்ம சின்னையன்ல இது" என்றார் தலைவர். மங்கல் வெளிச்சத்தைப் பற்றிப் பாய் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. தலைவர் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். "சட்டம்னா சட்டம். சின்னையனுக்கு அடுத்த முறை கிடையாது." ஒரு முறை போனால் எங்கள் பயிர் முழுதும் போய்விடும். வெட்கம் போன இடம் தெரியவில்லை, கோபம் வந்தது. அவர் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்கித் தலைமடைப் பக்கம் திருப்பினேன். அவர் மடை அகலமாகத் திறந்து கிடந்தது. அன்று அவர் முறையும் இல்லை. வயல் நிறைந்து, உபரித் தண்ணீர் வரப்புத் தாண்டி வடிகாலில் ஓடியது. வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் எல்லாம் பளபளத்தது.

"நீங்களும் பாருங்கண்ணே" என்று மற்ற மூவருக்கும் வரிசையாகக் கொடுத்தேன்.

"அது வடிகால்ல எதுத்து ஏறுன தண்ணிப்பா" என்றார் தலைவர்.

"வடிகால் தண்ணி மேடேறி வயலுக்கு வருமாய்யா?" என்று கேட்டார் உத்திராபதி அண்ணன். அவரும் கடைமடைக்காரர்.

அப்பா முழங்கால் சேற்றோடு வந்து சேர்ந்தார். மறுக்கவில்லை. "எடுத்தேன். போன ரெண்டு முறையும் என் நாள்ல வாய்க்கால்ல கால் நனையக்கூடத் தண்ணி வரல. என் முறைய வெட்டணும்னா வெட்டுங்க. ஐயா முறையையும் சேத்து வெட்டுங்க."

யார் முறையையும் யாரும் வெட்டவில்லை. இனி முறை கடைமடையிலிருந்து தொடங்குவதென்று அந்த மாடியிலேயே முடிவானது. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. எங்கள் பயிர் பிழைத்தது. பைனாகுலரை விற்றுவிடும்படி தலைவர் இரண்டு தடவை ஆள் அனுப்பிச் சொன்னார். விற்கவில்லை, விற்கவும் மாட்டேன்.

கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும், "பெத்த அப்பனையே புடிச்சுக் குடுத்தவ இவதான்" என்றுதான் சொந்தக்காரர்கள் என்னை அறிமுகம் செய்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார்.

"என்னை மட்டுமா புடிச்சா?"