மாத்திரை அட்டையும் பம்பு ஹவுஸ் மூளையும்

என் மனைவியைக் காப்பாற்றியே தீருவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. காப்பாற்றுகிறவன் கேட்டுக்கொண்டா இருப்பான்?

நான் குடிநீர் பம்பு ஹவுஸில் ஆபரேட்டர். அவள் பஸ் கண்டக்டர். மாதவிலக்கு வந்தால் அவளுக்கு ரத்தம் கொட்டும். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி அவள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே அழுகை வரும். டாக்டரம்மா கருத்தடை மாத்திரை கொடுத்து, நடுவில் இடைவெளி விடாமல் சாப்பிடச் சொன்னார். மூன்று மாதமாக மாதவிலக்கே இல்லை. அவள் முகம் தெளிந்தது. என் தூக்கம் போனது.

வெளியே போகும் வால்வை மூடினால் தொட்டி நிரம்பும். இது நான் தினமும் பார்க்கிற உண்மை. அப்படியானால் மூன்று மாத ரத்தமும் எங்கே நிற்கிறது?

முந்தின நாள் ராத்திரி அவளிடமே கேட்டேவிட்டேன்.

“எங்கேயும் நிக்கலைங்க. உருவானாத்தானே நிக்கும்?”

“அதெப்படி உருவாகாம போகும்?”

“மாசாமாசம் ஒரு முட்டை வெளியே வரும். கரு தங்குறதுக்காக கர்ப்பப்பைக்குள்ள ஒரு படலம் கெட்டியாகும். தங்கலைன்னா அதுதான் ரத்தமா வருது. இந்த மாத்திரை முட்டையையே வர விடாது. படலமும் மெல்லிசாவே இருக்கும். அப்புறம் எது வர்றது?”

“எதுக்கும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்.”

“நீங்க பம்பைப் பாருங்க.”

மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு மாத்திரை அட்டை என் டூல் பைக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேனே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படி?”

“என் கைப்பையில வேற அட்டை இருக்கு. நீங்க எடுத்தது அடுத்த மாசத்துக்கு. கிரீஸ் படாம திருப்பிக் கொடுங்க.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“விளையாட்டாங்க இது? தொடர்ந்து நாள் தவறினா முட்டை வந்தாலும் வந்துடும். ரெண்டு பிள்ளை போதும்னு நீங்களும்தானே சொன்னீங்க? மூணாவதை நீங்களா சுமப்பீங்க? இது என் உடம்புங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. “பயமா இருந்துச்சும்மா. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...”

“பயம்னா வந்து சொல்லணும். டாக்டரம்மாகிட்ட கூட வந்து கேக்கணும். மாத்திரையில கை வைக்கக் கூடாது.”

“இனிமே தொட மாட்டேன். எல்லாத்தையும் நீ ஒருத்தியே சுமக்கிறே. உனக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன்!” மனசாரத்தான் சொன்னேன்.

“என்ன வேணும்னாலுமா?”

“என்ன வேணும்னாலும்!”

“கொஞ்ச மாசம் கழிச்சு மாத்திரையை நிறுத்திப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் பிள்ளை வராம பாத்துக்கிறது உங்க பொறுப்பு. ஆம்பளைங்களுக்குச் சின்ன ஆபரேஷன்தானாம். அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாமாம். வர்ற வெள்ளிக்கிழமை லீவு போடுங்க.”

ஆஸ்பத்திரியில் என் பேருக்கு அந்த வெள்ளிக்கிழமையை அவள் போன வாரமே வாங்கி வைத்திருந்தாள்.