மணலுக்கு ஒரு வண்டி, கல்லுக்கு ஒரு வண்டி

"உந்தப் பெரிசை எடும் தம்பி," என்றார் கதிரவேலு.

யுகேந்திரன் அந்தப் பெரிய வண்டியையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தான். எதிரே மலேசியாவின் பத்து காஜா ஊர்ப் பழைய ஈயச் சுரங்க மணல், மேடும் பள்ளமுமாக வெள்ளை வெளேரென்று கிடந்தது. வாடகைக் கொட்டகையில் மேடுபள்ளத்தில் ஓட்டி விளையாடும் பகி வண்டிகள் இரண்டு. சின்னது மணலுக்கென்றே செய்தது. உடம்பில் கனமே இல்லை, பின்டயர்களில் அகப்பை அகப்பையாக ரப்பர்ப் பட்டைகள்; மணலை அள்ளித் தள்ளிவிட்டு வண்டி பறக்கும். பெரியது கல்லும் குழியுமான கட்டாந்தரைப் பாலைவனத்துக்கு. நீளமான ஸ்பிரிங், அடியில் இரும்புத் தகடு, யானைக் கனம். சிம்பாங் பூலாய் கல்லுமலைக் குவாரியில் எட்டு வருஷம் லாரி மெக்கானிக்காகக் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அப்பாவிடம், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று எந்த வாயால் சொல்வது?

கௌசிகா நேற்றே ஃபோனில் சொல்லிவிட்டாள். "அப்பாவே ஒங்கள பகி ஓட்டக் கூப்பிட்டிருக்காரு. நாளைக்கு அவரு வேணாம்னு சொல்லிட்டா, வேணாம்தான். அப்புறம் என்னால ஒண்ணும் பேச முடியாது."

நான்கு வருஷக் காதல் இந்த ஒரு காலைப் பொழுதில் வந்து நின்றது.

"அங்கிள், மணலுக்கு சின்னதுதான் சரி. பெருசு கனம், எறங்கிடும்."

"சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆன மனுசன் உந்தக் குஞ்சு வண்டியில ஏறுறதோ?"

கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் செல்லாயி அக்கா ஹெல்மெட்டை நீட்டினார். "ஐயா சொன்னா எடுத்துக்கங்க லா," என்றார். அந்த முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

நிற்காமல் ஓட்டினால் தப்பிக்கலாம் என்று யுகேந்திரன் கணக்குப் போட்டான். பெரிய வண்டியை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக அழுத்தினான். பாதி மேடு ஏறியிருப்பான்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும்! ஒரு படம் எடுக்கோணும்."

"மேட்டுல நிறுத்தக் கூடாது அங்கிள். எறக்கத்துல நிறுத்துறேன்."

"அங்கை வெளிச்சம் சரியில்லை."

நிறுத்தினான். பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே போயின. டயர் பரந்து மணல்மேல் நிற்கட்டும் என்று நாலிலும் காற்றை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் மணலைத் தோண்டினான். கதிரவேலு இறங்கவே இல்லை. அவர் காலில் போட்டிருந்த சப்பாத்து புதிதாம்.

வியர்வை கண்ணில் வழிய ஒருவழியாகக் கிளப்பினான். நூறு அடி போவதற்குள் பெரியவர் எதையோ பார்த்துவிட்டார்.

"நிப்பாட்டும்! அதென்ன குருவி?"

இந்த முறை வண்டி வயிறு வரை இறங்கியது. கதிரவேலு எட்டிப் பார்த்தார்.

"நீர் மெக்கானிக் எண்டுதானே பிள்ளை சொன்னவ?"

நல்ல கெட்ட வார்த்தை ஒன்று யுகேந்திரனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கௌசிகாவை நினைத்து அதை அப்படியே விழுங்கினான். 

"ஆமாங்க அங்கிள். கொஞ்சம் பொறுங்க, எடுத்துரலாம்."

கொட்டகைக்கு நடந்து, பலகை வாங்கிவந்து, சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வண்டியை மீட்டுக் கொண்டுபோய் நிறுத்தும்போது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. இப்போது பெரியவரே சின்ன வண்டிக்குச் சம்மதித்தார். அப்பாடா! மணல்மேல் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. யுகேந்திரனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"மணல்ல ஓடினது காணும், போதும் தம்பி. உந்தத் தோட்டத்து ரோட்டால போவம்."

சிரிப்பு போயிற்று. பழைய ரப்பர்த் தோட்டத்து ரோடு முழுக்கச் செம்மண்ணும் கூர்மையான கல்லும்.

"அங்கிள், இந்த டயரு கல்லுக்கு ஆவாது, கிழிஞ்சிரும். இதுக்குத்தான் பெருசு வேணும்."

"முதல் சின்னன் வேணும் எண்டீர். இப்ப பெரிசு வேணும் எண்டீர். ஆம்பிளை எண்டா ஒரு முடிவில நிக்கோணும்."

ரோட்டில் இறக்கினான். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தன. நாலாவது வளைவில் டயர் வெடித்தது.

பெரியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, யுகேந்திரன் பின்னாலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளினான்.

"களைச்சுப் போனீரோ?"

"இல்ல அங்கிள். ஒங்களுக்கு வெயிலு அடிக்குதா? என் துண்ட ஸ்டீயரிங்ல சுத்திப் பிடிச்சுக்குங்க, இரும்பு சுடும்."

 கொட்டகை வந்ததும் கதிரவேலு இறங்கி, சப்பாத்தைத் தட்டிவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். மகளுக்குத்தான் பேசுகிறார் என்று யுகேந்திரனுக்குத் தெரிந்தது. ரெண்டு வண்டியைப் புதைத்தும் உடைத்தும் வைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அழுகை வந்தது; அதையும் விழுங்கினான்.

செல்லாயி அக்கா ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் திணித்தார்.

"எல்லாம் போச்சுக்கா. இனிமே அவரு பொண்ணு குடுக்க மாட்டாரு."

செல்லாயி குழாய்ப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு சொன்னா? போன மாசம் ஐயாவே பாத்துக் கூட்டியாந்த டாக்டர் மாப்பிள்ளைக்கும் இதே பெரிய வண்டியதான் எடுக்கச் சொன்னாரு. அந்த ஆளு ரெண்டாவது தடவ புதைஞ்சதுமே ஐயாவத் திட்டிட்டு, நடந்தே ரோட்டுக்குப் போயிட்டாரு லா! ஐயா பாக்க வந்தது பொறுமையத்தான்; நீங்க ஒரு வார்த்தகூடத் திட்டலியே."